பதினேழாம் கேள்வி

முதுகலை படிக்கும் சித்ரகலா அக்கா
ஆய்வேட்டுக்காக நீட்டிய தாள்
நான்கு பக்கம், பின் அடித்தது.
விடுதிச் சாப்பாட்டு அறையில்
ரசம் படாமல் எழுதச் சொன்னாள்.
பெயர் வேண்டாம், உண்மை போதும் என்றாள்.

பதினேழாம் கேள்வி:
பட்டம் பெற்றபின் உங்கள் திட்டம் என்ன?
ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.

ஹெப்சிபா யோசிக்கவே இல்லை. ஜெர்மனி.
ஞாயிறுதோறும் புதுச்சேரிக்குப் பஸ் ஏறி
தொண்டையைச் செருமும் ஒரு மொழியைப் படிக்கிறாள்.
பல் துலக்கும்போதும்
எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று
குளியலறைக் கண்ணாடியைக் கேட்கிறாள்.
கண்ணாடி இதுவரை எதையும் சொல்லவில்லை.

பரங்கிப்பேட்டை ஃபர்ஹானாவுக்கு
ரியாத்தில் மாமா இருக்கிறார்,
புவனகிரியில் மாப்பிள்ளை இருக்கிறார்.
இரண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கவில்லை.
அவள் பென்சிலால் டிக் செய்தாள்.

எனக்கு
பண்ருட்டிச் சாலையில் ஊர்.
அம்மா முந்திரி உடைக்கிறாள்.
கொட்டைப் பால் தின்று தின்று
அவள் விரல்களில் ரேகை இல்லை.
கல்விக் கடனுக்குப் போன அன்று
வங்கி எந்திரம் மூன்று முறை
அவளை யாரென்று தெரியாது என்றது.
துடைத்துட்டு வைங்கம்மா என்றார் மேனேஜர்.
இல்லாத ரேகையை
முந்தானையில் அழுத்தித் துடைத்தாள்.
கடைசியில் கண்ணைப் படம் பிடித்தார்கள்.
அம்மாவின் கண்ணை அடகு வைத்துப் படிக்கிறேன்
என்று சொன்னால் சிரிக்கிறார்கள்,
நானும் சிரிப்பதால்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி
பதினாலாயிரம் தருவதாகச் சொல்கிறது,
சான்றிதழை இரண்டு வருடம் அவர்களே வைத்துக்கொள்வார்களாம்.
தவணை ஏழாயிரத்து முந்நூறு.
இந்தக் கணக்கை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும்
விமானச் சத்தம்தான் கேட்கிறது.

போன வியாழன் பெரியாஸ்பத்திரியில் நைட் டூட்டி.
பெண்கள் வார்டு. நாற்பத்தெட்டுப் படுக்கை,
தரையில் ஒன்பது பேர்,
நர்ஸ் இரண்டு பேர்.
நாங்கள் ஆறு மாணவிகள், கணக்கில் வராதவர்கள்.
இரண்டரை மணிக்கு
தாழங்குடாவிலிருந்து ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள்.
பேதியில் வற்றி, உதடு வெடித்து,
உள்ளங்கை முழுக்க மீன் செதில்.
எந்தக் கையிலும் நரம்பில்லை.
அமலோற்பவம் சிஸ்டர் இரண்டு முறை குத்திப் பார்த்தார்,
நீ பார் என்று நகர்ந்துகொண்டார்.
நான் கண்ணால் தேடவில்லை. தடவினேன்.
முழங்கைக்குக் கீழே, உள்பக்கமாய்,
நூலளவுக்கு ஏதோ ஒன்று
விரலுக்கடியில் வழுக்கி நின்றது.
ஊசி இறங்கியதும்
குழாயின் வாயில் ஒரு சொட்டுச் சிவப்பு
எட்டிப் பார்த்தது பாருங்கள்.
சிஸ்டர் பாராட்டவில்லை.
பிளாஸ்டர் ஒட்டு, இன்னொரு பாட்டில் எடு என்றார்.
அன்றைக்கு விடியும்வரை
என் விரல் நுனி என்னிடமே இல்லை.

ஐந்து மணிக்கு சிஸ்டர்
மாத்திரை டிராலியில் சாய்ந்தபடி
மகளுக்குப் போன் செய்தார்.
எழுந்திரு, பால் பொங்கிடும், கணக்குப் பேப்பரைப் போடு.
பதினோரு வருடமாய் ஒப்பந்த ஊழியர்.
பாப்பாவும் நர்ஸிங்கா சிஸ்டர் என்றேன்.
போனை மூடிக்கொண்டு சொன்னார்:
இந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு
சத்தியம் வாங்கியிருக்கேன்.
சொல்லிவிட்டு
தாழங்குடாக்காரியின் போர்வையை
கால்வரை இழுத்துவிட்டார்.

வெளிநாடு என்ற கட்டத்தில்
நானும் டிக் போட்டேன்.
காரணம்: குடும்பம், கடன், ஊதியம், மரியாதை.
எல்லாம் அச்சிலேயே இருந்தன.
கடைசியில்
மற்றவை, குறிப்பிடுக என்று
ஓரங்குலக் கோடு.
முழங்கைக்குக் கீழே என்று ஆரம்பித்தேன்.
மணி அடித்துவிட்டது.

சித்ரகலா அக்கா எண்ணிப் பார்த்து
ஒரு தாள் குறையுதே என்றாள்.
யாரும் பேசவில்லை.
அது என் கோட்டுப் பையில்
கத்தரிக்கோலோடு வார்டுக்குப் போனது.
அதன் முதுகில் இப்போது இருப்பது:
முப்பத்தொன்றாம் படுக்கை,
நூற்றுப் பத்துக்கு எழுபது,
சிறுநீர் இறங்குகிறது,
கஞ்சி கேட்டாள்.